கையெழுத்து ஒத்துப்போகவில்லை

காலை பத்தரைக்கு
பாலக்கோடு காவல் நிலையத்தில்
அந்த நீள நோட்டுக்கு என்னைத் தெரியும்.
சணலில் கட்டிய பேனாவுக்கும் தெரியும்.

இன்று நூற்று எழுபத்திரண்டாம் நாள்.
பெல்ரம்பட்டியில் எட்டு மணி வண்டியை விட்டால்
தக்காளி லோடுதான்.
கிரேடுகளுக்கு நடுவே குந்தி வந்து
முழங்காலில் சிவப்போடு இறங்குவேன்.
முதல் தடவை பாரா போலீஸ்
அடிதடியா என்று கேட்டார்.
விலை கிலோ மூன்று ரூபாய் என்றேன்.

வழக்கு இதுதான்:
பேருந்து நிலையத்தில், கழிப்பறைச் சுவரோரம்
பதினோரு பேர் நின்றோம்.
சென்றாயன் எங்கே என்று
ஒரு தாளைப் படித்தோம். படித்தது நான்.
மைக் கிடையாது.
மாரண்டஅள்ளி வண்டி அடித்த ஹாரனில்
பாதி எனக்கே கேட்கவில்லை.
குற்றப்பத்திரிகைக்கு மட்டும்
முழுசாகக் கேட்டிருந்தது.
"உரத்த குரலில்" என்று வேறு எழுதியிருந்தார்கள்.
குரல் எழும்பாது என்று
பள்ளிக்கூடத்தில் என்னைக்
கொடிப்பாட்டுக்கே நிற்கவைத்ததில்லை.

சென்றாயன் ஏழு கேள்வி கேட்டு மனுப் போட்டவன்.
மேய்க்கால் நிலம் யார் பெயருக்கு,
எந்தத் தேதியில், எந்த உத்தரவில்,
இப்படி.
ஏழாவது கேள்விக்குப் பதில் வருவதற்குள்
சின்னாற்றுப் பாலத்தருகே
நம்பர் இல்லாத கார் ஒன்று வந்தது.
அவன் சைக்கிள் ஸ்டாண்டு போட்டபடி நின்றது.
பூட்டியும் இருந்தது.
அவசரமாகக் கூட்டிப்போகவில்லை போலிருக்கிறது.

"அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாது"
என்றது நிலையம்.
நீதிமன்றத்திலும் அதையே சொன்னது,
கொஞ்சம் இங்கிலீஷில்.

முதல் நாள் என் கையெழுத்தில்
ஏழு எழுத்தும் இருந்தன, முனிரத்தினம் என்று.
கடைசிப் புள்ளியைச் சுழித்துக்கூட வைத்தேன்.
நாற்பதாம் நாள் முனி மட்டும் மிச்சம்.
மழைக்காலத்தில் ஒரு வளைவு, ஒரு கோடு.
பிறகு வளைவும் போய்விட்டது.

நேற்று கூட்டுறவு வங்கியில்
பச்சியம்மாள் சங்கிலியைத் திருப்பப் போனேன்.
அட்டையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்,
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.
"ஒத்துப்போகலைங்க. இது நீங்க போட்டதில்ல."
நான்தான் என்றேன்.
ஒன்பது சீட்டு வீணானது.
ஒன்பதிலும் அந்தக் கோடு.
"உங்க கையெழுத்த நல்லாத் தெரிஞ்ச
அதிகாரி யாராச்சும் இருக்காங்களா?"

சிரித்துவிட்டேன். 
வரிசையில் நின்ற ஒருவர்
தள்ளி நின்றுகொண்டார்.

ஏட்டு திம்மராயன் நல்ல மனுசன்.
நோட்டைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினார்.
கோடு வளைந்தது, வளைவில் எழுத்து முளைத்தது,
முதல் பக்கத்தில்
நான் முழுசாக உட்கார்ந்திருந்தேன்.
"அட, எத்தனை அழகா எழுதியிருக்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொடுத்தார்:
இதில் கண்ட நபர் இந்நிலையத்துக்கு
நன்கு அறிமுகமானவர்.
முத்திரை குத்தினார். மை இன்னும் ஈரம்.

வாங்கிக்கொண்டு நின்றேன்.
ஐயா, இதே மாதிரி இன்னொன்று.
பெயர் மட்டும் வேறே.
சென்றாயன், தகப்பனார் பெயர் மாதையன்.
அறிமுகமானவர் என்றுகூட வேண்டாம்.
தெரியும் என்று ஒரு வரி.

மின்விசிறி சுற்றியது.
இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார்;
அது அடிக்கவில்லை.
திம்மராயன் முத்திரைப் பெட்டியை மூடி,
மூடியதா என்று
இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார்.
"பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ."
வெளியே டீக்கடையில்
என் காசை வாங்கவில்லை. ஏட்டு கொடுத்துவிட்டாராம்.

சங்கிலி வந்துவிட்டது.
பச்சியம்மாள் கழுத்தில் போட்டுக்கொண்டு
அந்தத் தாளை வாங்கிப் படித்தாள்.
"நல்லாத்தான் தெரிஞ்சு வச்சிருக்காங்க" என்றாள்,
அடுப்பைப் பார்த்தபடி.

இன்று சீக்கிரமே வந்துவிட்டேன்.
நோட்டில் என் வரி காலியாக இருக்கிறது.
சுண்டுவிரலை வைத்து அளந்தேன்.
நிதானமாக எழுதினால்
அந்தக் கட்டத்தில்
இரண்டு பெயருக்கு இடமிருக்கிறது.